ஈபி-5 கிரீன் கார்டுக்கு எவ்வளவு காலம் ஆகும்? மூன்று பேர் மூன்று கணக்கு சொல்கிறார்கள்

ஆஸ்டின்வாசி | ஜூன் 2025

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேலை வழியான ஈபி-2 கிரீன் கார்டு வரிசையில் என் பிரயாரிட்டி டேட் (வரிசையில் சேர்ந்த தேதி) 2016. யாருடைய தேதிவரை விசா கிடைக்கும் என்று சொல்லும் இந்த மாத (ஜூன் 2025) விசா புல்லட்டினில் இந்தியாவுக்கான ஈபி-2 தேதி 2013 ஜனவரி 1-ல் நிற்கிறது. மூத்த மகளுக்கு 17 வயது. எனக்கு கிரீன் கார்டு வருவதற்குள் அவளுக்கு 21 தாண்டிவிடும், பிள்ளை என்ற கணக்கில் வரமாட்டாள் என்பது உறுதி.

அதனால் வீட்டில் எல்லாரும் பேசி, முதலீட்டாளர் வழியான ஈபி-5 போகலாமா என்று பார்க்கிறோம். எவ்வளவு காலம் ஆகும் என்று விசாரித்தால்தான் குழப்பம். ஒரு ஏஜென்ட் "வருடத்துக்குள் ஒப்புதல்" என்கிறார். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் தளத்தைப் பார்த்தால் வருடக்கணக்கில் காட்டுகிறது. கூட வேலை பார்த்த ஒருவர் 2019-ல் பணம் போட்டு இன்னும் காத்திருக்கிறார். மூன்றும் ஒரே விசாவைப் பற்றியதுதானா? எதை வைத்து முடிவெடுப்பது?


காவேரிக்கரை

தம்பி, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஈபி-5-ல் இரண்டு காத்திருப்பு இருக்கிறது. முதலாவது, உங்கள் முதலீட்டாளர் மனுவான ஐ-526ஈ-யை அதிகாரி எடுத்துப் படித்து ஒப்புதல் தர ஆகும் காலம். இரண்டாவது, ஒப்புதல் வந்த பிறகு, அந்த ஆண்டின் விசாக்களில் உங்களுக்கு ஒன்று, அதாவது விசா எண், கிடைக்க ஆகும் காலம். ஏஜென்ட் முதலாவதை மட்டும் சொல்கிறார். உங்கள் நண்பர் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இரண்டாவதில். இரண்டையும் சேர்த்து யாரும் ஒரு எண்ணாகச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் இருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைப் பார்த்தே பயந்துபோகிறார்கள். கடந்த ஆறு மாதங்களில் முடித்துவைத்த மனுக்களில் 80 சதவீதம் எவ்வளவு காலத்துக்குள் முடிந்தன என்பதுதான் அந்த எண். அது வெளியே வந்தவர்களின் கணக்கு, இன்று உள்ளே போகிறவரின் கணக்கு அல்ல. பல வருடம் கிடந்த பழைய மனுக்களை இந்த ஆறு மாதத்தில் அதிகமாகத் தீர்த்தால் எண் ஏறும். அலுவலகம் வேகமாக வேலை செய்யும்போதே தளத்தில் காலம் கூடுதலாகத் தெரியலாம்.

இன்னொன்று. 2020 மார்ச் 31 முதல் வந்த வரிசைப்படி மனுவை எடுப்பதை யூஎஸ்சிஐஎஸ் நிறுத்திவிட்டது. விசா எண் கையில் இருக்கும் நாட்டுக்காரர்களின் மனுவை முதலில் எடுக்கிறது. அதனால் ஒரே மாதம் மனுப் போட்ட இரண்டு பேருக்கு இரண்டு விதமான காலம் ஆவது சகஜம்.


பழைய_வரிசை

நான் ஆஸ்டின்வாசியின் நண்பர் இல்லை, ஆனால் அவரைப் போன்றவன்.

2019 நவம்பர் 21 முதல் குறைந்தபட்ச முதலீடு 5 லட்சம் டாலரில் இருந்து 9 லட்சமாக ஏறப்போகிறது என்று தெரிந்ததும் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே அதற்கு முன் மனுப் போட்டது. நானும் அதில் ஒருவன். பிரயாரிட்டி டேட் நவம்பர் இரண்டாம் வாரம். கோவிட் வந்தது. 2021 ஜூன் 30 அன்று பலருடைய ஈபி-5 முதலீட்டைத் திரட்டும் ரீஜினல் சென்டர் திட்டத்தின் சட்ட அனுமதியே காலாவதி ஆனது, 2022 மார்ச் 15-ல் புதிய சட்டம் கையெழுத்தாகும்வரை எங்கள் மனுவை யாரும் தொடவில்லை.

2024 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவின் பொது வரிசைத் தேதி 2022 ஜனவரி 1. நான் அதற்குள் வந்துவிட்டேன். ஆவணங்கள் எல்லாம் தயார் செய்து, மும்பை நேர்காணலுக்குக் காத்திருந்தேன். 2025 ஏப்ரலில் தேதியைத் திடீரென்று 2019 நவம்பர் 1-க்கு இழுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் 2019 மே 1. அந்த நிதியாண்டின் விசா எண்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் செலவாகிறது என்பது காரணம்.

என் மனுவுக்கு ஒப்புதல் வந்து வெகு நாளாகிறது. அதனால் "ப்ராசஸிங் டைம்" என்று தளத்தில் போட்டிருக்கும் எந்த எண்ணும் எனக்கு இனி பொருந்தாது. எந்த வரிசையில் நிற்கப் போகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


ஆஸ்டின்வாசி

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது சார். விரைவில் தேதி முன்னே வரட்டும்.

இப்போது புதிதாகப் போடுகிறவர்களுக்கு தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதில் வரிசையே இல்லை என்று சொல்கிறார்களே, அது உண்மையா?


காவேரிக்கரை

இன்றைய தேதிக்கு, 2025 ஜூனில், உண்மை. 2022 சட்டம் ஆண்டுதோறும் வரும் ஏறத்தாழ 10,000 ஈபி-5 விசாக்களில் 20 சதவீதத்தைக் கிராமப்புறத் திட்டங்களுக்கும், 10 சதவீதத்தை வேலையின்மை அதிகமுள்ள பகுதிகளுக்கும், 2 சதவீதத்தை உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கும் ஒதுக்கியது. இந்த மூன்றிலும் இந்தியாவுக்கு இப்போது "கரன்ட்", அதாவது காத்திருப்புத் தேதி இல்லை. மீதி 68 சதவீதம்தான் பழைய_வரிசை சார் நிற்கும் பொது வரிசை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலையின்மைப் பகுதிக்கு வருடத்துக்குச் சுமார் 1,000 விசா. அது 1,000 முதலீட்டாளர் அல்ல. மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு விசா போகும். நாலு பேர் உள்ள குடும்பங்களாக வந்தால் 250 குடும்பத்தில் தீர்ந்துவிடும். கிராமப்புறத்தில் 2,000 விசா, அதையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். இதன்மேல் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு. மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது மட்டும் இந்தியா, சீனாவுக்கு பிரயாரிட்டி டேட் வரிசையில் வரும். ஒரு வருடம் மிஞ்சிய ஒதுக்கீடு அடுத்த வருடமும் அதே பிரிவில் இருக்கும், அதற்கடுத்த வருடம் பொது வரிசைக்குப் போய்விடும்.

எனவே வரிசை இல்லை என்பது இன்றைய நிலவரம். இந்த ஒதுக்கீடுகளுக்கும் ஒரு நாள் தேதி வைப்பார்கள், அது என்று என்பதில்தான் சந்தேகம். மனு நிறைய வந்துகொண்டிருக்கிறது.

கிராமப்புறத்துக்கு இன்னொரு சலுகை உண்டு. அந்த மனுக்களை முன்னுரிமை கொடுத்து எடுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வருடத்துக்குள் ஒப்புதல் என்று ஏஜென்ட் சொன்னது அங்கேயிருந்து வருகிறது. அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள், நானே கிராமப்புறத் திட்டத்தில் போட்டு வாங்கியவன்தான். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. திட்டத்தின் மனுவான ஐ-956எஃப் ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அது தாக்கலாகி ரசீது வந்திருந்தாலே நீங்கள் ஐ-526ஈ போடலாம், ஆனால் திட்டம் ஒப்புதல் ஆகாமல் உங்கள் மனுவுக்கு ஒப்புதல் வராது.


வேப்பமரம்

ஒரு குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். சட்ட ஆலோசனை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்டின்வாசி, உங்களுக்கு ஒப்புதல் எப்போது வரும் என்பதைவிட அமெரிக்காவுக்குள் இருந்தே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தை எப்போது போடலாம் என்பது முக்கியம். நீங்கள் அமெரிக்காவுக்குள் சட்டப்படி இருக்கிறீர்கள். ஒதுக்கீடு கரன்டாக இருக்கும்போது ஐ-526ஈ-யுடன் சேர்த்தே குடும்பம் முழுக்க ஐ-485 போடலாம், 2022 சட்டம் தந்த வசதி இது. கூடவே வேலை அனுமதிக்கும் பயண அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். அவை வந்துவிட்டால் கம்பெனி மாறப் பயமில்லை, வேலை போனால் 60 நாளில் கிளம்பவேண்டிய பயமும் இல்லை. கிரீன் கார்டு பிறகு வரட்டும். இந்தியாவில் இருந்து போடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அவருக்கு ஒப்புதல், ஆவணங்களைப் பார்க்கும் நேஷனல் விசா சென்டர், பிறகு மும்பையில் நேர்காணல். சென்னைத் துணைத் தூதரகத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து சிலர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மகள் விஷயம். இதை நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகளின் வயதைப் பாதுகாக்கும் சிஎஸ்பிஏ சட்டப்படி அவளுடைய வயதைக் கணக்கிடுவது இப்படி: மனு ஒப்புதல் ஆன நாள், விசா எண் கிடைத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றைக்கு அவளுக்கு என்ன வயது என்று பார்ப்பார்கள். அதிலிருந்து ஐ-526ஈ நிலுவையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். வருவது 21-க்குக் கீழே இருக்கவேண்டும்.

அதாவது, மனு நிலுவையில் எத்தனை காலம் கிடந்தாலும் பிள்ளையின் வயது ஏறாது. ஒப்புதலுக்குப் பிறகு விசா எண்ணுக்குக் காத்திருக்கும் காலத்தில்தான் வயது ஏறும். ஒப்புதல் வரும் நாளில் ஒதுக்கீடு கரன்டாக இருந்தால் மனுப் போட்ட நாளில் அவளுக்கு இருந்த வயதே கணக்கில் நிற்கும், 17 அல்லது 18. அதற்குள் தேதி வைத்துவிட்டால் எண் கிடைக்கும்வரை வயது ஓடும். உங்கள் மகளுக்குக் கையிருப்பு மூன்று நாலு வருடம் இருக்கிறது, அது நல்ல நிலைமை. 20 வயதுப் பிள்ளையோடு வருகிறவர்களுக்குத்தான் நான் ஒதுக்கீட்டின் தேதியை வாரம் வாரம் பார்க்கச் சொல்வேன்.


பழைய_வரிசை

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் மனு நிலுவையில் இருந்த காலம்தான் என் மகனை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஒப்புதல் சீக்கிரம் வந்திருந்தால் அவன் எப்போதோ தாண்டியிருப்பான். வேகமான ஒப்புதலை எல்லாரும் வரமாக நினைக்கிறார்கள், பொது வரிசை இந்தியருக்கு அப்படி இல்லை.


யாழ்_லண்டன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தனான், இப்ப பிரித்தானியப் பிரஜை. மனுசி சென்னையில் பிறந்தவர், இந்தியக் கடவுச்சீட்டு. நாங்களும் யோசிக்கிறம். மனுசி இந்தியர் என்றபடியால் எங்களுக்கும் இந்திய வரிசையோ அண்ணை?


காவேரிக்கரை

இல்லை. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இலங்கையில் பிறந்தவர். இலங்கைக்குத் தனித் தேதி கிடையாது, "மற்ற எல்லா நாடுகளும்" என்ற பத்தியில் வரும், அங்கே பொது வரிசையே கரன்ட். மனைவியை உங்கள் பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் முதலீட்டாளராக இருந்தாலும் சரி, அவர் முதலீட்டாளராக இருந்தாலும் சரி.

இது நம்மவர்களில் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கணவனோ மனைவியோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்திருந்தால் அந்தப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஒதுக்கீட்டுத் திட்டங்களுக்கு இப்போதுள்ள குறைந்தபட்ச முதலீடான 8 லட்சம் டாலரைக் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டிய முதல் காகிதம் அதுதான். ஈபி-2 வரிசையில் நிற்பவர்களுக்கும் இதே விதி. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


ஆஸ்டின்வாசி

நானும் மனைவியும் ஈரோடு மாவட்டம்தான், அந்த வழி இல்லை.

பணம் பற்றிக் கேட்கவேண்டும். ஆஸ்டின் வீட்டின் மேல் கடன் எடுத்தால் ஒரு பகுதி வரும். மீதி அப்பா நிலம் விற்று அனுப்புவதாகச் சொல்கிறார். இதனால் காலம் எவ்வளவு கூடும்?


மதுரை_ஆடிட்டர்

காலம் கூடுவது பெரும்பாலும் இங்கேதான். யூஎஸ்சிஐஎஸ் மேல் பழி போடுகிற பல தாமதங்கள் நம் ஊர்ப் பத்திரங்களில் ஆரம்பிக்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மூலத்திலிருந்து காட்டவேண்டும். அன்பளிப்பு என்றால் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்பதும் சட்டத்தில் கேட்கப்படுகிறது. ஓட்டை இருந்தால் கூடுதல் ஆவணம் கேட்டு ஆர்எஃப்இ கடிதம் வரும், மனு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் விற்பனை. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகை, மீதி ரொக்கம் என்று விற்றால் அந்த ரொக்கம் ஈபி-5-க்கு உதவாது. வாங்குபவர் முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுக்கச் சம்மதிக்கவேண்டும், பத்திரத்திலும் அதே தொகை இருக்கவேண்டும். இதற்குச் சம்மதிக்கிற ஆளைப் பிடிக்கவே மாதங்கள் ஆகலாம். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அப்பா பெயரில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தாத்தா பெயரில் பட்டா கிடந்தால், வாரிசுச் சான்றில் தொடங்கவேண்டும். தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கிராமத்து விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி இல்லை, ஆனாலும் வருமான வரிக் கணக்கில் விலக்கு வருமானமாகக் காட்டிவிடச் சொல்லுங்கள். கணக்கில் தடமே இல்லாத பணத்தை அதிகாரி நம்ப மாட்டார்.

அடுத்தது அனுப்புவது. இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்ப முடியும். அப்பா ஒரு பங்கு, அம்மா ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பான் எண். அதற்கு மேல் வேண்டுமானால் மார்ச்சுக்குள் ஒரு முறை, ஏப்ரலில் புது நிதியாண்டில் இன்னொரு முறை. அம்மாவின் பங்குக்கும் அவரிடம் அந்தப் பணம் எப்படி வந்தது என்ற காகிதம் வேண்டும்.

ஒருவர் அனுப்புவதில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. 2,50,000 டாலர் அனுப்ப, அன்றைய மாற்று விகிதத்தில் வரும் ரூபாய்க்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தயார் வைத்திருக்கவேண்டும். கடைசி நேரத்தில் இதைக் கேட்டு திகைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெயரிலேயே இங்கே சொத்து இருந்தால் நிலைமை வேறு. விற்ற பணம் வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வரும், அதிலிருந்து வருடத்துக்கு 10 லட்சம் டாலர்வரை வரி விவரம் காட்டும் 15சிஏ, 15சிபி படிவத்தோடு எடுத்துப் போகலாம். டிசிஎஸ் இல்லை.


வேப்பமரம்

ஆடிட்டர் சார் சொன்னதோடு ஒன்று. கிராமப்புறம், வேகம், முன்னுரிமை என்று மட்டும் பார்த்து திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காவேரிக்கரை சாரிடம் இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. 20,000 பேருக்கு மேல் உள்ள ஊருக்கும் பெருநகரப் பகுதிக்கும் வெளியே இருந்தால் கிராமப்புறம். அப்படி ஓர் இடத்தில் கட்டும் பெரிய ஹோட்டலுக்கு ஆள் வருமா என்பது வேறு கேள்வி. வெர்மான்ட் மாநிலத்து ஜே பீக் பனிச்சறுக்கு விடுதி நினைவிருக்கட்டும். 35 கோடி டாலருக்கு மேல் ஈபி-5 பணம் திரட்டிய திட்டங்கள் அவை, பங்குச் சந்தை ஆணையம் 2016-ல் மோசடி வழக்குப் போட்டது. அதுவும் ஊருக்கு வெளியே மலைப்பகுதிதான். புதிய சட்டம் கணக்குத் தணிக்கை, நிதி நிர்வாகி என்று காவல் வைத்திருக்கிறது, இருந்தாலும் திட்டம் பாதியில் நின்றால் ஒரு முதலீட்டாளருக்கு 10 வேலை உருவாகவேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாது.


காவேரிக்கரை

ஏற்றுக்கொள்கிறேன். நான் சேர்ந்த திட்டத்தில் கட்டுமானம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் போட்டேன். வேகம் ஒரு காரணம் மட்டுமே. ஆனால் பிள்ளை வயதும் எச்-1பி நிச்சயமின்மையும் இருக்கிறவர் ஒதுக்கீட்டுக்கு வெளியே போவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.


ஓமாஹா_தமிழன்

மனுவை முடிக்கச் சட்டத்திலேயே 120 நாள், 240 நாள் என்று கெடு இருக்கிறதாமே? அதை மீறினால் வழக்குப் போடலாம் என்கிறார்களே?


வேப்பமரம்

அது கெடு இல்லை. அந்த வேகத்தில் முடிக்க எவ்வளவு கட்டணம் தேவை என்று ஆய்வு செய்து கட்டணத்தை வையுங்கள் என்று 2022 சட்டம் சொல்கிறது. முதலீட்டாளர் மனுவுக்கு 240 நாள், ஒதுக்கீட்டுப் பகுதித் திட்டமானால் 120 நாள் என்ற இலக்கு அங்கே வருகிறது. மீறினால் தானாக எதுவும் நடக்காது. அதிகாரியை முடிவெடுக்க உத்தரவிடக் கேட்கும் மேண்டமஸ் வழக்குப் போடலாம், "நியாயமற்ற தாமதம்" என்று நிரூபிக்கவேண்டும், முடிவு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும். விசா எண்ணே இல்லாதவருக்கு வழக்கு ஜெயித்தாலும் ஒப்புதல் கடிதம் மட்டும்தான் மிஞ்சும்.


ஆஸ்டின்வாசி

இன்னும் இரண்டு கேள்வி. 5 மில்லியன் டாலர் தங்க அட்டை வரப்போகிறது, ஈபி-5-ஐ எடுத்துவிடுவார்கள் என்று செய்தியில் சொன்னார்களே? அப்புறம், ஐ-829?


காவேரிக்கரை

ஈபி-5 நாடாளுமன்றச் சட்டத்தில் இருப்பது, அதை எடுக்க நாடாளுமன்றம்தான் வேண்டும். ரீஜினல் சென்டர் திட்டத்துக்கு 2027 செப்டம்பர் 30 வரை அனுமதி இருக்கிறது. அதைவிட முக்கியமான தேதி 2026 செப்டம்பர் 30. அதற்குள் தாக்கலான மனுக்களைத் திட்டம் பிறகு காலாவதி ஆனாலும் தொடர்ந்து பரிசீலிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2021-ல் பழைய_வரிசை சாருக்கு நடந்தது மறுபடி நடக்கக்கூடாது என்றுதான் அந்தப் பிரிவே வந்தது. 2027 ஜனவரியில் முதலீட்டுத் தொகையும் பணவீக்கத்துக்கு ஏற்ப மாறும்.

ஐ-829 என்பது கார்டின் நிபந்தனையை நீக்கக் கேட்கும் கடைசிக் கட்டம். முதலில் வருவது இரண்டு வருட நிபந்தனை கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-829 போடவேண்டும். அதுவும் நாளாகும், வருடங்களாகவும் ஆகலாம். ஆனால் ரசீது வந்ததுமே கார்டு 48 மாதம் நீளும், வேலை, பயணம், படிப்பு எதுவும் தடைபடாது, குடியுரிமைக்கான ஐந்து வருடமும் நிபந்தனை கார்டு வந்த நாளிலிருந்தே ஓடும். அந்தத் தாமதத்துக்காக நீங்கள் இப்போது கவலைப்படவேண்டாம்.


ஆஸ்டின்வாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் இன்று பேசினேன். பட்டா தாத்தா பெயரில்தான் இருக்கிறது, பெரியப்பா இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அதைப் பிரித்து முடிப்பதற்குள் மார்ச் வந்துவிடும் போல.


மதுரை_ஆடிட்டர்

அப்படியானால் நிலத்தை நம்பி மனுவை நிறுத்திவைக்காதீர்கள். ஆஸ்டின் வீட்டுக் கடன், உங்கள் சேமிப்பு, அப்பா அம்மாவின் வைப்புத் தொகை ஆகியவற்றில் எவ்வளவு வரும் என்று முதலில் எழுதுங்கள். தொகையின் ஒரு பகுதியோடு மனுவை ஏற்கும் திட்டங்கள் உண்டு, மீதிப் பணம் எப்போது, எங்கிருந்து வரும் என்பதற்கு ஆவணத்தோடு உறுதி கேட்பார்கள். அது உங்களுக்குச் சரிப்படுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலைத் தயாரானதும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எந்தெந்தக் காகிதம் குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.